இரண்டாவது வயலின்காரி எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து மீர்பேங்க்கிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஞாயிறு இணைப்பைக் கைபேசியில் விடாமல் படிக்கிறவள். கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நடந்த மாலைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ் என்னுடையது. பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்.

சில வாரங்களுக்கு முன் மேற்கத்திய வயலின் கலைஞர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நியூயார்க்கில் வீடில்லாதவர்கள் தங்கும் விடுதிகளுக்குப் போய் 2005 முதல் சேம்பர் இசை (சிலர் மட்டும் சிறு குழுவாகச் சேர்ந்து வாசிப்பது) வாசிக்கும் கெல்லி ஹால் டாம்கின்ஸ், கறுப்பின, லத்தீன் பிள்ளைகளுக்காக 1997இல் ஸ்பிங்க்ஸ் அமைப்பைத் தொடங்கிய ஆரன் டுவோர்க்கின் ஆகியோரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கச்சேரிப் பட்டியலில் எல்லாருக்கும் இடம் வேண்டும் என்பதுதான் கட்டுரையின் சாரம். அடுத்த வாரமே மயிலாப்பூர் வாசகர் ஒருவர் பதில் போட்டார். தகுதி இருந்தால் மேடை தானாக வரும், ஆள் கணக்குப் பார்த்துப் பட்டியல் போட்டால் தரம் போய்விடும் என்பது அவர் கட்சி. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஆனாலும் இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். சேம்பர் மியூசிக்கை ‘அறை இசை’ என்று மொழிபெயர்த்திருந்தீர்கள். கட்டுரையை என் அண்ணிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ‘அறைகிற இசையா? யாரை?’ என்று கேட்டார். அவருக்குத் தமிழ் காதில் மட்டும்தான் இருக்கிறது, எழுத்து தெரியாது. ஆனால் காது கூர்மை. நான் சேம்பர் இசை என்றே எழுதிக்கொள்கிறேன்.

அந்த இசையில் நாற்பது வருஷம் இருந்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி நால்வர் குழுவில் இரண்டாவது வயலின். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, தரையில் ஊன்றி வாசிக்கும் ஒரு செல்லோ. முன்னால் நின்று கோல் ஆட்ட ஆள் கிடையாது. நம் ஊர்க் கச்சேரியோடு ஒப்பிட்டால் நாலு பேருமே பக்கவாத்தியம், நாலு பேருமே பாடகர். முதல் வயலினுக்குத்தான் கைதட்டல் அதிகம் விழும். இரண்டாவது வயலின் பந்தியில் சாம்பார் வாளி தூக்குகிறவர் மாதிரி. அவர் நின்றால்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

வயலினை என் கையில் கொடுத்தவர் அப்பா. வார நாட்களில் துணி ஆலை, சனி ஞாயிறில் கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா. அந்தக் காலத்தில் டர்பனில் தமிழ்க் கல்யாணம் என்றால் தெருவில் பந்தல் போட்டு, ஹார்மோனியம், வயலின், பாஞ்சோ, தபேலா எல்லாம் வைத்துச் சினிமாப் பாட்டு வாசிப்பார்கள். தெருக்கூத்து நடந்தால் அதற்கும் போய் வாசிப்பார். இங்கே அதை ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்கள். ஏன் ஆறடி என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. அப்பாவுக்கு எழுத்துச் சுரம் தெரியாது. இசைத்தட்டை நாலு தடவை போட்டுக் கேட்பார், ஐந்தாவது தடவை கூடவே வாசிப்பார். வயலினை மோவாயில் வைக்காமல் நெஞ்சில் சாய்த்துப் பிடிப்பார். பின்னால் என் ஆசிரியைக்கு முதலில் கண்ணை உறுத்தியது அந்தப் பிடிதான்.

அந்த ஆசிரியை நகரத்து மேட்டுப் பகுதியில் இருந்த வெள்ளைக்கார அம்மாள். ஐரோப்பாவிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர். என்னைச் சமையலறைக் கதவு வழியாகத்தான் உள்ளே விடுவார். அவருக்கு என்மேல் வெறுப்பு இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே என்ற பயம். பாடத்துக்குக் காசு வாங்கமாட்டார். அம்மா கொடுத்து அனுப்பும் முறுக்கை மட்டும் வாங்கிக்கொள்வார்.

1973இல் எனக்குப் பதினைந்து வயது. வெளிநாட்டிலிருந்து ஒரு நால்வர் குழு டர்பனுக்கு வந்தது. கச்சேரிக்கு நாங்கள் போக முடியாது. வெவ்வேறு இனத்தார் ஒரே அரங்கில் உட்காரக் கூடாது என்று 1965இல் அரசாணையே போட்டிருந்தார்கள். ஆசிரியை ஒரு வழி கண்டுபிடித்தார். ஒத்திகைக்கு மியூசிக் ஸ்டாண்டு தூக்கும் பெண்ணாக என்னை உள்ளே கூட்டிப்போனார். கடைசி வரிசைக்குப் பின்னால், துடைப்பம் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். நாலு கம்பி வாத்தியங்கள் சேர்ந்து மூச்சு விடுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அவர்கள் எடுத்தது ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் 76ஆவது ஓப்பஸில், அதாவது தொகுப்பில், மூன்றாவது குவார்ட்டெட். குவார்ட்டெட் என்றால் நால்வர் சேர்ந்து வாசிக்க எழுதியது. அதன் மெதுவான பகுதியில் ஒரு மெட்டு வரும். 1797இல் ஆஸ்திரியப் பேரரசருக்காக ஹைடன் போட்ட வாழ்த்துப் பாட்டின் மெட்டு அது. இன்றைக்கு ஜெர்மனியின் தேசிய கீதம் அந்த மெட்டில்தான் இருக்கிறது. முதல் வயலின் அதை ஒருமுறை வாசித்தது. அப்புறம் இரண்டாவது வயலின் அதே மெட்டை வாங்கிக்கொண்டது. வியோலாவும் செல்லோவும் வாயை மூடிக்கொள்ள, முதல் வயலின் மேலே கோலம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓரத்து வாத்தியத்துக்குப் போய் நடுவிடத்தைக் கொடுத்துவிட்டார்களே என்று நின்றேன். அந்த நேரம் பார்த்து அரங்கக் காவலாளி தோளைத் தொட்டார். ‘பார்வையாளர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கிளம்பு, பெண்ணே.’

அடுத்து அந்த மெட்டு யாரிடம் போனது என்று எனக்குத் தெரிய ஏழு வருஷம் ஆயிற்று, ஓர் இசைத்தட்டு கைக்கு வந்தபோது. செல்லோவுக்குப் போகிறது. பிறகு வியோலாவுக்கு. கடைசியில் முதல் வயலினுக்கே திரும்புகிறது. நாலு பேரும் ஆளுக்கொரு முறை முழு மெட்டையும் வாசிக்கிறார்கள். யாருக்கும் அரைக் கரண்டி குறைவில்லை.

மயிலாப்பூர் ஐயாவிடம் கேட்கிறேன். அன்றைக்கு அரங்கை விட்டு வெளியே வந்து நான் பஸ் நிறுத்தத்தில் நின்றது தகுதி இல்லாமலா? சரி, நான் சின்னப் பெண், எனக்கு அப்போது தகுதி இல்லைதான். பாப்வா செவ்கோலும் என்ற கோல்ஃப் வீரரின் கதையைக் கேட்டிருக்கிறீர்களா? டர்பன் இந்தியர், மற்றவர்களின் கோல்ஃப் பை தூக்கும் வேலையில் தொடங்கியவர். யாரும் கற்றுக்கொடுக்காததால் மட்டையை எல்லாரும் பிடிப்பதற்குத் தலைகீழாக, கை மாற்றிப் பிடிப்பார். 1963இல் நேட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளைக்காரர்களைத் தோற்கடித்து ஜெயித்தார். பரிசுக் கோப்பையை வெளியே மழையில் நிற்கவைத்துக் கொடுத்தார்கள், கிளப் கட்டடத்துக்குள் அவர் நுழையக் கூடாது என்பதால். அந்தப் படத்தை அப்பா கத்தரித்து வயலின் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருந்தார். ‘அவர் மட்டையைப் பிடிப்பதும் நான் வயலினைப் பிடிப்பதும் ஒரே மாதிரி’ என்பார்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். பிரிட்ஜ்டவர் என்ற வயலின்காரர் இருந்தார், ஆப்பிரிக்க வம்சாவளித் தந்தைக்குப் பிறந்தவர். 1803இல் வியன்னாவில் பீத்தோவனே பியானோவில் உட்கார, அவருடைய புது சொனாட்டாவை முதன்முதலாக வாசித்தவர் அவர்தான். அப்புறம் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம். பீத்தோவன் சொனாட்டாவைக் க்ரொய்ட்சர் என்ற இன்னொருவருக்குச் சமர்ப்பணம் செய்துவிட்டார். அந்த மனிதர் அதை மேடையில் வாசிக்கவே இல்லை. இருந்தாலும் இன்றுவரை அது க்ரொய்ட்சர் சொனாட்டாதான். மேடை வந்தது, பேர் போனது.

தகுதி, தரம் இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரத்துக்காக விரல் தேய்ந்தவள் நான். தரத்தை அளக்கிற படி யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

இப்போது கட்டுரையின் கட்சிக்கும் கொஞ்சம் சொல்கிறேன். ‘எல்லாரையும் உள்ளடக்கிய நிகழ்ச்சி’ என்ற பேரில் நடப்பதில் பாதிக்கு மேல் எனக்குப் பிடிக்காது. இங்கே செப்டம்பர் 24 மரபு தினம். அந்த வாரம் மட்டும் என் தொலைபேசி ஓயாது. ஒரு விழாக்காரர்கள், பேர் வேண்டாம், ஒருமுறை கேட்டார்கள்: ‘சேலை கட்டி வந்து ஐந்து நிமிஷம் ஏதாவது இந்திய ராகம் வாசியுங்கள். அப்புறம் உங்கள் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.’ சுவரொட்டியில் என் படம்தான் பெரிதாக இருந்தது. பட்டியலில் என் ஐந்து நிமிஷம் கடைசிக்கு முந்தி, சின்ன எழுத்தில். அக்டோபர் பிறந்தால் தொலைபேசி தூங்கிவிடும். நம் வாழையிலையில் ஊறுகாய்க்கு ஓர் ஓரம் உண்டு அல்லவா, அந்த ஓரம்தான் எனக்கு. ஊறுகாய் இல்லாமல் சாப்பாடு ருசிக்காதுதான். அதற்காக யாரும் ஊறுகாயைச் சாப்பிடப் பந்தியில் உட்காருவதில்லை.

இந்தக் கோபத்தோடு பல வருஷம் திரிந்தேன். நானும் அதையே செய்கிறேன் என்று ஒருவர் சொல்லும்வரை.

எங்கள் குழு 1998இல் சேர்ந்தது. முதல் வயலின் பல்கேரியாவிலிருந்து இங்கே வேலைக்கு வந்து தங்கிவிட்ட பெண்மணி. வியோலா ஓர் ஆப்ரிக்கானர், டச்சு வம்சாவளி வெள்ளைக்காரர். செல்லோ டர்பனை ஒட்டிய கறுப்பினத்தார் குடியிருப்பான உம்லாசியைச் சேர்ந்த சூலு இளைஞர், இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவார். பட்டியல் போடும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. நானும் பெருமையாகப் போட்டேன். மொட்ஸார்ட் இருக்கும், நம் வர்ணம் ஒன்று இருக்கும். ஹோவிக் அருவி இருக்கும் ஊரிலே 1903இல் பிறந்து லண்டனில் பேர் வாங்கிய ப்ரியோ ரெய்னியரின் 1939ஆம் வருஷத்துக் குவார்ட்டெட் இருக்கும். அந்த அம்மாள் வயலின்காரியாகத் தொடங்கியவர். டர்பனிலிருந்து ஒன்றரை மணி நேர தூரத்தில் பிறந்தவர் என்று சொன்னால் கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்த கெவின் வொலான்ஸின் ‘ஒயிட் மேன் ஸ்லீப்ஸ்’ஸும் வாசித்திருக்கிறோம். ஆப்பிரிக்க மெட்டுகளை எடுத்துக்கொண்டது சரியா என்று அதைப் பற்றி எங்கள் நாலு பேருக்கும் நாலு கருத்து. வாசிக்கும்போது மட்டும் சண்டை நின்றுவிடும்.

நிறைவாக ஒரு சூலுப் பாட்டு, எல்லாரும் கைதட்டிக்கொண்டே எழுந்து போக வசதியாக.

மூன்றாவது வருஷம் ஒரு ஒத்திகையில் செல்லோக்காரர் வில்லுக்கு ரெசின் தடவிக்கொண்டே நிதானமாகக் கேட்டார். ‘ஆன்ட்டி, எங்கள் பாட்டு எப்போதும் ஆட்கள் கார் சாவி தேடுகிற நேரத்தில்தான் வருமா?’

எனக்குப் பதில் வரவில்லை. பிரேக் டைமில் வெளியே போய்க் கொய்யா மரத்தடியில் நின்றேன். சேலை கட்டி வரச் சொன்ன அந்த விழாக்காரரும் நானும் ஒரே பந்தியில்தான் பரிமாறிக்கொண்டிருந்தோம். என் கரண்டி கொஞ்சம் சுத்தம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பட்டியல் போடும் முறையை மாற்றினேன். இன்னார் இன்னாருக்கு ஒன்று என்று பங்கு வைப்பதை விட்டேன். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வது, அதற்குப் பதில் சொல்கிற பாட்டுகளைத் தேடுவது. சொல்ல எளிது, செய்ய ஒரு வருஷம் ஆகும். ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது.

இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மறுபடி உறவு வைத்துக்கொண்டது 1993இல். 1995இல், முப்பத்தேழு வயதில், நான் சென்னைக்குப் போய் மூன்று வருஷம் கர்நாடக வயலின் கற்றேன். முதல் நாளே குருநாதர் என் வயலினைக் கையில் வாங்கி, ஜி, டி, ஏ, ஈ என்று இருந்த தந்திகளை ஸ, ப, ஸ, ப என்று இறக்கினார். தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி உட்காரச் சொன்னார். அரை மணியில் கால் மரத்து, எழுந்தபோது விழுந்தேன். அவர் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அங்கேதான் முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் கிடைத்தன. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அண்ணன் என்ன செய்தார்? வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். எல்லாம் சங்கராபரணம். அதில் ஒன்று ‘சந்ததம் பாஹிமாம்’. மெட்டு எதுவென்று பார்த்தால், ‘காட் சேவ் த கிங்’! இங்கிலாந்து அரசரைக் காப்பாற்றச் சொன்ன மெட்டில், என்னை எப்போதும் காப்பாய் என்று அம்பாளைக் கேட்கிறார்.

அதே இங்கிலாந்து கீதத்தை லண்டனில் கேட்டுத்தான் தன் நாட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஹைடனுக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். அவர் எழுதியதும் ‘கடவுளே, பேரரசரைக் காப்பாற்று’தான். சரியாக நூறு வருஷம் கழித்து, 1897இல், ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஈனோக் சொன்டோங்கா என்ற பள்ளி ஆசிரியர் கோசா மொழியில் ‘ந்கோசி சிகெலேல்’ எழுதினார். ஆப்பிரிக்காவை ஆசீர்வதியும் என்ற வேண்டுதல். பின்னால் வந்த சோத்தோ மொழி வடிவத்தில் ‘எங்கள் நாட்டைக் காப்பாற்றும்’ என்றே வருகிறது. இன்னொரு நூறு வருஷம் கழித்து, 1997இல், அதையும் பழைய வெள்ளையர் அரசின் கீதத்தையும் ஒட்டி இன்றைய தேசிய கீதத்தை ஆக்கினார்கள். 1797, 1897, 1997. இதை நான் கண்டுபிடித்த ராத்திரி அண்ணியை எழுப்பிச் சொன்னேன். ‘காலையில் சொல்லக்கூடாதா?’ என்றார்.

நோட்டுப் புத்தகத்தில் மேலே ‘காப்பு’ என்று எழுதினேன். நம் நூல்கள் காப்புச் செய்யுளோடு தொடங்கும். காவடி எடுப்பவர் கையில் காப்பு கட்டுவார்கள். வெள்ளைக்காரப் பேரரசர் ஆனாலும், அம்பாள் ஆனாலும், அடிமைப்பட்ட கண்டம் ஆனாலும் பாட்டு கேட்பது அதையேதான். ஹைடனின் அந்தப் பகுதி ஜி சுருதியில் இருக்கிறது. ந்கோசியும் ஜியில் வாசிப்பார்கள். தீட்சிதருக்கு ஆதார ஸட்ஜத்தை ஜியில் வைத்தேன். வயலினின் அடித் தந்தி அது, சும்மா விட்டாலே பேசும்.

இதைத் தைப்பூசத்துக்கு முந்தின ஒரு ஞாயிறு மாலை, கோயில் மண்டபத்தில் வைத்தோம். நகர அரங்குக்குச் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் உம்லாசியிலிருந்தும் ராத்திரி பஸ் கிடைக்காது. மண்டபத்தில் படிக்கட்டு இல்லை, தள்ளுநாற்காலி உருட்டி வரலாம். மூன்று மணிக்குத் தொடக்கம், டிக்கெட் இல்லை. இந்தச் சில்லறை விஷயங்களைத் தீர்க்காமல் பட்டியலை மட்டும் மாற்றினால் அதே முப்பது பேர்தான் வந்து உட்காருவார்கள். அதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

கோயில் கமிட்டியில் ஒரு பெரியவருக்குச் சந்தேகம். ‘வெள்ளைக்காரன் ராஜா பாட்டு கோயிலில் எதற்கம்மா?’ தீட்சிதர் எழுதியது என்றேன். ‘தீட்சிதர் என்றால் சரி’ என்று போய்விட்டார். அடுத்த சிக்கல் செல்லோ. அதன் அடியில் கூர்மையான இரும்பு முள் இருக்கும், அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். மண்டபத்துப் பளிங்கில் அது வழுக்கியது, கீறலும் விழுந்தது. வாசலில் கிடந்த தென்னைநார் மிதியடியை எடுத்துப் போட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு வந்த செல்லோக்காரரின் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. முன்வரிசைப் பிள்ளைகள் கச்சேரி முழுக்க அந்த விரலைத்தான் பார்த்தார்கள்.

தரம் குறையும் என்றாரே ஐயா, ஒத்திகையைப் பார்த்திருக்க வேண்டும். மிஸ்ர சாபுவில் ஒரு திருப்புகழ் வைத்திருந்தேன். ஏழு எண்ணிக்கை, தகிட தகதிமி. இவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று வயிற்றைக் கலக்கியது. பல்கேரியப் பெண்மணி இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, ‘இது எங்கள் ஊர் ராச்செனிட்சா ஆட்டம், தலைகீழாக இருக்கிறது’ என்றார். அவர்கள் இரண்டு, இரண்டு, மூன்று என்று ஆடுவார்கள். நாம் மூன்றில் தொடங்குகிறோம். எழுந்து ஆடியே காட்டினார். அன்றைக்கு இடறியது நான்தான். கமகத்துக்கு மட்டும் ஐந்து மாதம் பிடித்தது. சுரத்தைத் தொட்டு நேரே நிற்கிற பழக்கம் அவர்களுக்கு, ஆட்டி இறங்குகிற பழக்கம் எனக்கு. வியோலாக்காரர் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்ததாக அவர் மனைவி சொன்னார். இருபது தடவை வாசித்துத் தேய்ந்த மொட்ஸார்ட்டுக்கு நாங்கள் இதில் பாதி உழைப்பும் போட்டதில்லை.

தேசிய கீதத்தின் ஆப்ரிக்கான்ஸ் பகுதியை, அதாவது பழைய வெள்ளையர் அரசின் கீதத்திலிருந்து வந்ததை, வைப்பதா விடுவதா என்று ஒரு தகராறு. வியோலாக்காரர் தானே முன்வந்து, விட்டுவிடலாம் என்றார். செல்லோக்காரர், ‘வேண்டாம், இருக்கட்டும். அந்த இடத்தில் சுருதி மாறுவது எனக்குப் பிடிக்கும்’ என்றார். எங்கள் கீதம் ஜியில் தொடங்கி டியில் முடியும், தொடங்கிய வீட்டுக்குத் திரும்பாது. அப்படியே வைத்தோம். இந்த முறை சொன்டோங்காவின் பாட்டு கடைசியில் இல்லை. இடைவேளைக்கு முன்னால், நடு இலையில். உம்லாசியிலிருந்து பன்னிரண்டு பேர் வந்து பாடினார்கள். அவர்கள் பாட, நாங்கள் பக்கவாத்தியம்.

ஆனால் அன்றைக்கு எல்லாரும் பேசிக்கொண்டது எங்களைப் பற்றி இல்லை. நிகழ்ச்சி தீட்சிதரில் தொடங்கியது. இரண்டாவது வரி போவதற்குள் தூணோரத்தில் ஒரு ஆயா, எண்பது தாண்டியவர், கைத்தடியை ஊன்றி விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார். பேத்தி சேலையைப் பிடித்து இழுக்கிறாள், ஆயா உட்காரவில்லை. பாட்டு முடிந்ததும் கேட்டோம். ‘பள்ளிக்கூடத்திலே இந்த மெட்டுக்கு நிற்காவிட்டால் அடி விழும்’ என்றார். 1957 வரைக்கும் இங்கேயும் அது நாட்டுக் கீதம்தான். மண்டபமே சிரித்தது, ஆயாவும் சிரித்தார். உம்லாசிக்காரர்கள் ந்கோசி பாட, எல்லாரும் எழுந்தார்கள். ஆயாவைக் காணோமே என்று பார்த்தேன். முன்னமே நின்றுகொண்டிருந்தார், இந்தத் தடவை கைத்தடி பேத்தியிடம்.

அப்புறம் பருப்பு போட்ட சைவ பிரியாணியும் தயிர்ப் பச்சடியும். ஹைடனை இடைவேளைக்குப் பின்னால் வைத்தது தப்பு. சாப்பாட்டு வாசனையில் மெதுவான பகுதிக்குப் பாதிப் பேருக்குக் காது இல்லை.

இந்தக் கடிதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணப் பந்தியில் இலை போடும் நேரத்துக்கு என்று அப்பா ஒரு ‘நோட்டு’ வாசிப்பார். சங்கராபரணம் மாதிரி, நாலு நாலாகத் துள்ளும். அவர் தன் தாத்தாவிடம் கேட்டதாம். அந்தத் தாத்தாவின் அப்பாதான் வட ஆர்க்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறி வந்தவர். அதை நால்வருக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் மிஞ்சியது முதல் பாதிதான். உங்கள் வாசகர்களில் நாகசுரக் குடும்பத்தார், பழைய பேண்டு நோட்டு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், சுரம் எழுதி அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லட்டும். மயிலாப்பூர் ஐயாவுக்குத் தெரிந்திருந்தாலும் சந்தோஷமே. இந்தத் தடவை மெட்டை முதலில் வியோலாவுக்குக் கொடுத்திருக்கிறேன். ஹைடனில் எல்லாருக்கும் கொடுத்து முடித்துக் கடைசியில்தான் அவருக்கு வருகிறது, பாவம்.

இப்படிக்கு,
ஒரு வயலின்காரி,
மீர்பேங்க், டர்பன்.